நாலு போல்ட்டும் பாப்பாவின் தொண்டையும்

தொண்டை டாக்டர் பாப்பாவின் வாயிலிருந்து கேமராக் குழாயை வெளியே எடுத்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க?" என்று கேட்டார்.

"நான் பேசறது கொஞ்சம்தான் டாக்டர்," என்றாள் பாப்பா. குரல் அரம் போட்டு ராவுவது மாதிரி வந்தது. "மீதியெல்லாம் அவங்க ரெண்டு பேர் பேசறது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். இந்த அம்மாளை வேறு டாக்டரிடம் அனுப்பவேண்டுமோ என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. பாப்பா அவசர அவசரமாக விஷயத்தை விளக்கினாள்.

விஷயம் இதுதான். பாப்பாவின் வீட்டுக்காரர் கிட்டாருக்கு உடல் செய்கிறவர். பாப்பாவின் அண்ணன் அதே கிட்டாருக்குக் கழுத்து செய்கிறவர். உடலோடு கழுத்தைப் பின்பக்கமிருந்து நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்குகிறவரும் வீட்டுக்காரர்தான். அதற்குக் கம்பி கட்டி, சுருதி சேர்ப்பது பாப்பாவின் வேலை. மூன்று பேருக்கும் ஒரே பட்டறை. இரண்டு ஆண்களின் மேஜைக்கும் நடுவில் நாலடி தூரம். அந்த நாலடியில் பாப்பாவின் ஸ்டூலும் ஒரு சின்ன மேஜையும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்காரர் ஸ்க்ரூ முடுக்கியதில் அண்ணன் செய்த கழுத்து ஒன்று விரிசல் விட்டது. மரம் சொத்தை என்றார் இவர். ஸ்க்ரூ தப்பு என்றார் அவர். ஸ்க்ரூ என்பது இரண்டு மரத்தையும் கடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பது வீட்டுக்காரரின் கொள்கை. கழுத்தில் பித்தளை இன்சர்ட் பதித்து, அதாவது உள்ளே மரை போட்ட சின்னக் குழலைப் பதித்து, அதில் போல்ட்தான் போடவேண்டும் என்பது அண்ணனின் கொள்கை. அன்றைக்கு நின்ற பேச்சு. இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பாப்பாவிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒழுங்காக வேலைக்கு வந்துவிட்டார்கள்.

அதிலிருந்து பாப்பாதான் வாய். "பாப்பா, கழுத்து உட்கார்ற குழி ஆழம் பதினாறு மில்லிமீட்டர்னு அவர்கிட்ட சொல்லு" என்பார் வீட்டுக்காரர். அண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் உளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாப்பா திரும்பி, "அண்ணா, குழி ஆழம் பதினாறு மில்லிமீட்டராம்" என்றால்தான் அது அவரிடம் சொல்லப்பட்டதாகக் கணக்கு. அண்ணன், "பதினாறா, அளவு பார்க்கத் தெரியுமா தெரியாதான்னு கேளு" என்பார். பாப்பா இந்தப் பக்கம் திரும்பி அதையும் கேட்பாள். மெதுவாகக் கேட்டால் போதாது. "நான் அப்படியா சொன்னேன்? எனக்கு வந்த கோபம் எங்க போச்சு?" என்று அண்ணன் கோபித்துக்கொள்வார். ஆகவே கத்தியதைக் கத்திச் சொல்வாள், முனகியதை முனகிச் சொல்வாள். ஒரு தடவை இரண்டு பேருக்கும் ஜலதோஷம். பாப்பா இருமலைக்கூட விடவில்லை.

எல்லாவற்றையும் கேட்ட டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உளி பிடிச்சா கையில காய்ப்பு விழுது இல்லையா, அந்த மாதிரி உங்க தொண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் விழுந்திருக்கு. பதினாலு நாள் மூச்சு விடக் கூடாது. அதாவது, பேச்சு மூச்சு. கிசுகிசுன்னு பேசறது இன்னும் மோசம். ஆறலைன்னா கத்தி வைக்கணும். அதுக்கப்புறம் என்ன குரல் வரும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன்."

பேச முடியாமல் போவதைப் பற்றிப் பாப்பாவுக்குக் கவலையில்லை. உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பயம் வேறு விஷயத்துக்கு. பட்டறையிலிருந்து போகிற ஒவ்வொரு கிட்டாருக்கும் முதல் சுருதி பாப்பாவின் தொண்டையிலிருந்துதான். தடித்த கம்பிக்கு ஒரு கீழ் ஸ்தாயி முனகல் கொடுப்பாள். அதற்குக் கம்பியை இழுத்துச் சேர்ப்பாள். பிறகு மேலே மேலே ஒவ்வொன்றாக. மெஷின் வைத்துப் பார்த்தாலும் முடி அளவு பிசகாது. அந்த ஆறு சுருதிதான் ஒரு நாளில் அவள் வாயிலிருந்து அவளுக்காக வருவது. ஒரு மாதமாகக் கீழ்ச் சுருதி வரவே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது.

பட்டறைக்கு வந்ததும் டாக்டர் சீட்டை இரண்டு மேஜைக்கும் நடுவில் வைத்தாள். இரண்டு ஆண்களும் தனித்தனியாகப் படித்தார்கள்.

"பாப்பா, பதினாலு நாள் அவர் எப்படிச் சமாளிப்பார்னு கேளு," என்றார் வீட்டுக்காரர்.

பாப்பா வாயைத் தொட்டுக் காட்டினாள். அவருக்கு உறைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நேரம் பார்த்துத்தான் வந்தது அந்த ஆர்டர். ஒரு கிட்டார் டீச்சர். நாலு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துகிறவர். பஸ்ஸில் முழுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கண்டக்டர் முறைக்கிறாராம். ஆகவே ஏறுமுன் கழுத்தைக் கழற்றிப் பையில் வைத்து, இறங்கியதும் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கழற்றி மாட்டவேண்டும். பதினைந்தாவது நாள் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார். எட்டுத் தடவை கழற்றினால் மர ஸ்க்ரூ ஒரு வாரத்தில் ஓட்டையைத் தின்றுவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். அதை ஒப்புக்கொள்வது என்பது ஒன்பது வருஷத்தை ஒப்புக்கொள்வது.

முதல் நாள் பாப்பா ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் தொடவில்லை. எழுதினால் சாட்சியாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் ஒரே பயம். அழித்துவிடலாமே என்று பாப்பா துணியைக் காட்டினாள். அழித்தாலும் எழுதினது எழுதினதுதான் என்று அண்ணன் அவளிடம் சொன்னார். அதைக் கேட்டு வீட்டுக்காரர் தன்னை அறியாமல் தலையாட்டிவிட்டு, கழுத்து வலி மாதிரி நீவிக்கொண்டார்.

இரண்டாம் நாள் வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்திடம் பேச ஆரம்பித்தார். "சில பேர் போல்ட் போல்ட்னு சொல்றாங்க. போல்ட்டுன்னா எந்த போல்ட்டு? துரு பிடிக்காத எஃகா, கறுப்பு போல்ட்டா? தலை எப்படி இருக்கணும்? ஒண்ணும் சொல்றதில்ல," என்றார் கடிகாரத்தைப் பார்த்து. அண்ணன் அரை மணி நேரம் ஒரு கழுத்தை இழைத்தார். பிறகு தன் மேஜையில் மரத்தைக் கவ்விப் பிடித்திருந்த வைஸிடம், "எஃகுதான். அஞ்சு மில்லி. டீச்சர் கையில ஆலன் கீ, அந்த ஆறு மூலைச் சாவி, ஒண்ணு இருந்தாப் போதும், எல்லாத்தையும் கழட்டிடலாம். இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார். வைஸ் கேட்டுக்கொண்டது.

பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஒன்பது வருஷம் ஒரு கடிகாரமும் ஒரு வைஸும் செய்யக்கூடிய வேலையையா செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தைச் சொல்லவும் வழியில்லை. கம்பிச் சுருள் ஒன்றைப் பிரித்து மறுபடி சுற்றினாள்.

நாலாம் நாள் போல்ட்டும் இன்சர்ட்டும் கொண்டுவந்த பார்சல்காரர் நன்றாக மாட்டிக்கொண்டார். கையெழுத்துக்காக அவர் இரண்டு மேஜைக்கும் நடுவில் நின்றதுதான் தப்பு.

"போல்ட் தலைக்கு அடியில நாலு வாஷர் வேணுமா, நாலையும் சேர்த்து ஒரே தகடு வேணுமான்னு அவர்கிட்ட கேளுங்க," என்றார் வீட்டுக்காரர்.

பார்சல்காரர் முழித்தார். பாப்பாவைப் பார்த்தார். பாப்பா பரிதாபமாகத் தலையசைத்தாள்.

"சார், வாஷரா தகடான்னு சார் அன்பாக் கேக்கறார்," என்றார் பார்சல்காரர்.

"தகடு போட்டா மரம் தெரியாது, அவர் மரத்தை மறைக்கத்தான் பார்க்கறார்னு சொல்லுங்க," என்றார் அண்ணன்.

"சார், உங்க மரம் ரொம்ப நல்லா இருக்காம், மறைக்க வேண்டாம்கறார்."

வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் காதால் கேட்டது ஒன்று, தனக்குச் சொல்லப்பட்டது வேறு. ஒன்பது வருஷமாகக் கடைப்பிடித்த விதிப்படி சொல்லப்பட்டதுதான் செல்லும். அப்படியானால் மச்சான் தன் மரத்தை நல்ல மரம் என்கிறார். அவருக்குக் கண் கலங்கியதைப் பாப்பா பார்த்தாள். அண்ணனோ, "நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று எழுந்தார். பார்சல்காரர் கையெழுத்தைக்கூட வாங்காமல் ஓடிவிட்டார்.

ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்காரருக்குள் வேலை செய்தது. மறுநாள் அண்ணன் டீ குடிக்க வெளியே போன சமயம் பார்த்து அவர் கடிகாரத்துக்கு முன்னால் போய் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. பித்தளைக்கு நான் ஒத்துக்கறேன். அவர் கழுத்துல நாலு போட்டா, நான் என் பக்கம் உடல்லயும் நாலு போடறேன். ஒரு குறை வைக்கமாட்டேன்," என்றார். சொல்லவேண்டியதை முறைப்படி சொல்லியாகிவிட்டது என்ற திருப்தியில் தன் இடத்துக்குப் போய், உடலில் நாலு ஓட்டை போட்டு, நாலு பித்தளை இன்சர்ட்டைப் பதித்தார். ஒரு காகிதம் ஒட்டி அதை மூடிவைத்தார்.

பாப்பா அப்போது கடைக்குப் போயிருந்தாள். ஆக, அந்தப் பெரிய மனசு கடிகாரம் ஒன்றுக்குத்தான் தெரியும்.

பதினாலாம் நாள் பிற்பகல் கழுத்தும் உடலும் பாப்பாவின் மேஜைக்கு வந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுக்கு டாக்டர். மறுநாள் காலை டீச்சர். கழுத்தின் அடியில் நாலு பித்தளை வளையம் மின்னியது. வீட்டுக்காரர் உடலைத் திருப்பிக் காகிதத்தை உரித்தார். கழுத்தைக் குழியில் உட்காரவைத்து, பின்பக்கமிருந்து போல்ட்டை விட்டு, ஆலன் கீயால் முடுக்கினார். போல்ட் அழகாக ஏறியது. நாலும் ஏறின. நாலும் இறுகி நின்றன. ஆனால் கழுத்துக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு அட்டை நுழைகிற இடைவெளி.

வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் முடுக்கினார். அசையவில்லை.

"குழியில தூசி இருக்கும்," என்றார் அண்ணன் வைஸிடம்.

கழற்றி, ஊதி, துடைத்து, மறுபடி போட்டார்கள். அதே இடைவெளி. போல்ட் தன் கடமையைச் செய்து இறுகித்தான் இருக்கிறது, இரண்டு மரமும் சேரத்தான் இல்லை. "கழுத்து அடிப்பாகம் சமமா இல்ல," என்றார் வீட்டுக்காரர் கடிகாரத்திடம். "குழி அடிப்பாகம் பல்லாங்குழி மாதிரி இருந்தா என்ன பண்ணறது?" என்றார் அண்ணன் வைஸிடம். அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தன. அதில் இரண்டு பேருக்கும் வந்த ஏமாற்றத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பாப்பா ஒரு தடவை உடலைத் தூக்கி ஓட்டைக்குள் பார்த்தாள். பித்தளை தெரிந்தது. கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். அங்கேயும் பித்தளை. போல்ட் இந்தப் பக்க மரையையும் பிடிக்கிறது, அந்தப் பக்க மரையையும் பிடிக்கிறது. இரண்டையும் இருக்கிற இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறதே தவிர இழுத்துச் சேர்க்க அதற்கு வழியில்லை. ஒரு பக்கம் மரை, மறு பக்கம் வெறும் ஓட்டை. அப்படி இருந்தால்தான் சேரும். முன்பெல்லாம் வீட்டுக்காரர் க்ளாம்ப் போட்டு நெரித்து வைத்துக்கொண்டு மர ஸ்க்ரூவை இறக்குவார். அதனால் தெரியாமலே போயிற்று. டீச்சர் பஸ் ஸ்டாப்பில் க்ளாம்புக்கு எங்கே போவார்?

அவள் கை சிலேட்டுக்குப் போனது. சாக்பீஸை எடுத்துவிட்டாள். நாலு வார்த்தை எழுதினால் போதும். எழுதினால் சிலேட்டைத் திருப்பி இவரிடம் காட்டவேண்டும், அப்புறம் அவரிடம் காட்டவேண்டும், இவர் சொல்வதற்கு அவரைப் பார்க்கவேண்டும். சாயங்காலம் தொண்டை ஆறியிருந்தாலும் நாளைக் காலை ஒன்பது மணிக்கு மறுபடி அதே ஸ்டூல். பதினாலு நாளில் முதல் தடவையாகப் பாப்பாவுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஆறாதது தொண்டை இல்லை. அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

வீட்டுக்காரருக்கு வீம்பு வந்துவிட்டது. நீளமான ஆலன் கீயை எடுத்தார். அதன் முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டார். மூச்சைப் பிடித்து முடுக்கினார். கழுத்து மரத்துக்குள்ளிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை மூன்று பேரும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை," என்றார் அண்ணன்.

வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு, பாப்பா அதை எடுத்துச் சொல்வதற்காகக் காத்திருந்தார். பாப்பா கூரையில் ஒட்டடை எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணன் பாப்பாவைப் பார்த்தார். வைஸைப் பார்த்தார். வைஸும் ஒன்றும் செய்வதாக இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் கையில் இரும்புக் குழாய் இருந்தது.

"உடைஞ்சிடும்," என்றார் மறுபடி. "உங்களைத்தான் சொல்றேன்."

"நான் உடைக்கல மச்சான்," என்றார் வீட்டுக்காரர். குரல் சின்னதாக இருந்தது. "சேரமாட்டேங்குது."

"ஓட்டை எத்தனை மில்லி போட்டீங்க?"

"ஓட்டையா? இன்சர்ட் இல்ல போட்டிருக்கேன்."

"எங்க?"

"என் பக்கம்தான். நாலு."

அண்ணன் எட்டிப் பார்த்தார். "யார் போடச் சொன்னாங்க?"

"நீங்கதான் ஒம்பது வருஷமா பித்தளை பித்தளைன்னு கேட்டீங்க."

"என் பக்கத்துக்குக் கேட்டேன். உங்க பக்கத்துக்கு யார் கேட்டா? போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. கடிகாரத்துக்கிட்ட சொன்னேன்."

"கடிகாரம் என்கிட்ட சொல்லலையே."

இரண்டு பேரும் கடிகாரத்தைக் குற்றம் சாட்டுகிற பார்வை பார்த்தார்கள். அது நாலே கால் என்றது. பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் குரல்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய அடக்கினாள்.

வீட்டுக்காரர் உடலைத் தன் மேஜைக்கு எடுத்துப்போய் நாலு இன்சர்ட்டையும் கழற்றினார். கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டபோது முகம் விழுந்திருந்தது. ஆசையாகப் போட்டது அல்லவா. "ஓட்டை பெருசாப் போச்சு மச்சான். போல்ட் தலை உள்ள போயிடும்," என்றார்.

அண்ணன் தன் இழுப்பறையைக் குடைந்தார். அகலமான வாஷர் நாலு எடுத்தார். நாலடியைக் கடந்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்க மேஜைக்குப் போய் வைத்தார். "இதைப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? மரம் நல்ல மரம். அது போதும்."

போல்ட் இப்போது உடலில் வழுவழுவென்று நுழைந்து கழுத்தை மட்டும் பிடித்தது. கடைசிச் சுற்றில் இடைவெளி மூடிக்கொண்டது. அப்புறம் அதில் ஒரு காகிதத்தைக்கூட நுழைக்க முடியவில்லை. நுழைக்க முடிகிறதா என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாப்பா பையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டாள். அவள் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறிடுச்சு. சுத்தமா இருக்கு. பேசுங்க," என்றார்.

பதினாலு நாளுக்குப் பிறகு பாப்பா வாயைத் திறந்தாள். "ஒரு சீட்டு எழுதித் தரணும் டாக்டர்," என்றாள். குரல் தெளிவாக வந்தது. அவளுடைய குரல். அதைக் கேட்டு அவளுக்கே அழுகை வந்தது.

"என்ன சீட்டு?"

சொன்னாள். டாக்டர் பேனாவைத் திறந்தார். "எத்தனை நாளுக்கு?"

"நாள் போடாதீங்க டாக்டர்."

மறுநாள் காலை வீட்டுக்காரர் சீட்டை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு நேராக அண்ணனிடம் நீட்டினார். அதில், பேசக் கூடாது, பாடலாம் என்று இருந்தது.

"எத்தனை நாளுன்னு போடலயே மச்சான்."

"டாக்டருக்கு மறந்திருக்கும் மாப்பிள்ளை. போய்க் கேக்கலாமா?"

"நாம போய்க் கேட்டா அவர் ஏதாவது நினைச்சுக்கமாட்டாரா?"

"நினைச்சுக்கத்தான் செய்வார். வேண்டாம்."

டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். நாலு போல்ட்டையும் தன் கையால் கழற்றி, மாட்டி, கழற்றி, மாட்டிப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பாப்பா தடித்த கம்பியைக் கட்டினாள். மூச்சை இழுத்தாள். ஒரு மாதமாக வராத கீழ்ச் சுருதி அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்து பட்டறை முழுக்க நின்றது. கம்பி அதோடு வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்களும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் டாக்டர் சீட்டை எடுத்து நீவினார். "இந்தச் சீட்டைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிடணும் மச்சான். தொலைஞ்சிடப் போகுது. ரெண்டு ஸ்க்ரூ போதும்."

"ஸ்க்ரூவா?" என்றார் அண்ணன்.

பழக்க தோஷத்தில் இரண்டு பேரும் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா அடுத்த கம்பிக்குப் போனாள்.